கடைமடைக்கு வந்த சிவப்புக் கார்

தஞ்சாவூர்க்காரன் ஒருவனைச் சரித்திரம் எழுதச் சொன்னால் அவன் நேரே ராஜராஜ சோழனிடம் போய் நிற்பான். அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1010-ல் பூர்த்தியான பெரிய கோயிலின் சுவரைச் சுற்றி வந்தால் கணக்கு, வழக்கு, கொடை, குத்தகை எல்லாம் கல்லில் இருக்கின்றன. கோயில் பணிக்கு வரவழைத்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள் என்பதும், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதும், தலைக்கு நூறு கலம் நெல் என்பதும் வெட்டி வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக் கொண்டுவிடுகிறது. எதைப் பார்த்தாலும், "இது எங்கிருந்து வந்தது? எந்த வழியாக வந்தது? யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்தப் பழக்கத்தின் பேரில்தான் இன்று ஒரு சிவப்புக் காரின் சரித்திரத்தைச் சொல்லப் போகிறேன். இந்தக் காருக்கு நம்பர் பிளேட் கிடையாது. கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. தொலைக்காட்சிப் பெட்டியின் திரையில், கீழ்ப்பக்கத்தில், மேலே பார்த்தபடி ஓடும். 1990-க்குப் பிறகு தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கங்களில் பள்ளிக்கூடம் போன பையன்களும் பெண்களும் அதை "கார் ரேஸ்" என்று சொன்னால் உடனே கண்டுகொள்வார்கள். அதன் உண்மையான பெயர் 'ரோட் ஃபைட்டர்'. மீசை வைத்த மாரியோவைப் பற்றி உலகம் முழுவதும் புத்தகங்கள் எழுதிக் குவித்துவிட்டார்கள். இந்தச் சிவப்புக் காருக்கு அப்படிப் புகழ் பாட யாரும் அகப்படவில்லை. என் அபிப்பிராயத்தில் இது பெரிய அநியாயம்.

பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ஒஸாகா வட்டாரத்தில் 1969-ல் கோனாமி என்ற ஸ்தாபனம் ஆரம்பமாயிற்று. ஆரம்பத்தில் அவர்கள் செய்த தொழில், காசு போட்டால் இசைத்தட்டுப் பாடும் ஜூக் பாக்ஸ் பெட்டிகளை வாடகைக்கு விடுவதும் பழுது பார்ப்பதும். பிறகு, காசு போட்டு ஆடும் ஆட்டப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கினார்கள். 1984-ன் கடைசியில் ரோட் ஃபைட்டர் அப்படி ஒரு பெட்டியாக வந்தது. மறு வருஷம், 1985-ல், வீட்டுத் தொலைக்காட்சியில் ஆடும்படி அதையே சிறு கேசட்டாகப் போட்டார்கள். அந்தக் கேசட்டைச் செருகும் இயந்திரம் நிண்டெண்டோவினுடையது. 1983 ஜூலையில் 14,800 யென் விலையில் ஜப்பானியக் கடைகளுக்கு வந்த 'ஃபேமிலி கம்ப்யூட்டர்' அது. சுருக்கமாக ஃபேமிகாம் என்பார்கள். நிண்டெண்டோ 1889-ல் கியோட்டோவில் சீட்டுக்கட்டுத் தயாரிக்க ஆரம்பித்த கம்பெனி என்று கேள்விப்பட்டபோது எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். சீட்டாட்டத்துக்கும் தஞ்சாவூருக்கும் உள்ள பந்தத்தை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா!

இனி ஆட்டத்துக்கு வருவோம். பார்ப்பதற்கு இதைவிட எளிய ஆட்டம் இருக்க முடியாது. நடுவில் சாலை, இரண்டு பக்கமும் புல்லும் மரமும். ஒரு பொத்தானை அழுத்தினால் கார் நிதானமாகப் போகும். இன்னொன்றை அழுத்தினால் மணிக்கு 400 கிலோமீட்டர். கும்பகோணம் சாலையில் வைக்கோல் வண்டிக்குப் பின்னால் ஊர்ந்தே பழகிய எங்களுக்கு அந்த நானூறு என்ற எண்ணே பாதி போதை. மஞ்சள் கார்கள் தம் பாட்டுக்கு நேரே போகும். வேறு சில கார்கள், நாம் நெருங்கும் சமயம் பார்த்துக் குறுக்கே நகரும். அங்கங்கே எண்ணெய் சிந்தியிருக்கும். அதில் ஏறினால் சறுக்கல். லாரியில் மோதினாலும் சாலை ஓரத்தில் இடித்தாலும் கார் வெடித்துவிடும். மோதாமல் நெடுந்தூரம் வந்தவனுக்கு மட்டும், கோனாமி மேன் என்ற ஒரு பறக்கும் மனிதன் தரிசனம் தந்துவிட்டுப் போவான். அவனை நாங்கள் சூப்பர்மேன் என்றே நம்பினோம். இப்படி நாலு கட்டங்கள்.

இவ்வளவுதானா என்று கேட்கலாம். இவ்வளவோடு நின்றிருந்தால் நானும் பேனாவை எடுத்திருக்க மாட்டேன்.

பந்தய ஆட்டம் என்றால் இரண்டில் ஒன்றை எதிர்பார்ப்போம். ஒன்று, மற்ற கார்களை முந்தி முதலாவதாக வர வேண்டும். அல்லது கடிகாரத்தை முந்த வேண்டும். 1982-ல் நாம்கோ கம்பெனி வெளியிட்டு உலகப் புகழ் பெற்ற 'போல் பொஸிஷ'னில் கடிகாரம்தான் எமன். ரோட் ஃபைட்டரில் இரண்டும் இல்லை. முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. கடிகாரமும் கிடையாது. எத்தனை தடவை வெடித்தாலும் கார் மறுபடி முளைத்து வரும். திரையின் ஒரு பக்கத்தில் எரிபொருள் என்று ஓர் எண் மட்டும் இருக்கும். அது ஒன்றொன்றாகக் குறைந்து கொண்டே வரும். வெடித்துக் கிடக்கும் நேரத்தில் தூரம் நகராது. எண் மட்டும் கரையும். அது பூஜ்யமாவதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்டினால் அடுத்த கட்டம். இல்லாவிட்டால் ஆட்டம் முடிந்தது. வழியில் எப்போதாவது பலநிறக் கார் ஒன்று தென்படும். அதைத் தொட்டுவிட்டால் எரிபொருள் கொஞ்சம் ஏறும். தொடத் தவறினால் அது கீழே நழுவி மறைந்துவிடும். சாலையில் மற்ற எல்லாக் கார்களுக்கும் பயந்து ஒதுங்க வேண்டும். இந்த ஒன்றை மட்டும் துரத்திப் போய் இடிக்க வேண்டும்.

எரிபொருள் தீரும் யோசனை கோனாமிக்குப் புதிதல்ல. 1981-ல் அவர்களே செய்த 'ஸ்க்ராம்பிள்' என்ற விமான ஆட்டத்திலும் அது உண்டு. 1982-ல் அமெரிக்காவில் கரோல் ஷா என்ற பெண்மணி செய்த 'ரிவர் ரெய்ட்' ஆட்டத்தில், ஆற்றின் மேலே பறக்கும் விமானம் ஆற்றிலேயே எரிபொருள் நிரப்பிக் கொள்ளும். ஆனால் அவற்றில் சுடுவதற்குத் துப்பாக்கி இருந்தது; எதிரி இருந்தான்; கோபத்தைக் காட்ட இடம் இருந்தது. ரோட் ஃபைட்டரில் பெயரில்தான் சண்டை. கையில் ஆயுதம் கிடையாது. ஸ்டியரிங்கும் பொறுமையும்தான்.

இந்த ஆட்டம் 1985-ல் ஜப்பானில் திறந்து விட்ட தண்ணீர். எங்கள் ஊரை அது எட்டியது 1990-க்குப் பிறகு. ஏன் இவ்வளவு தாமதம் என்பதை டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டூரில் மதகைத் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வரவே சுமார் மூன்று நாள். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரியும். வெண்ணாறு இன்னும் பல ஆறுகளாகக் கிளைத்து, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து, முறை வைத்து, மதகு மதகாகத் தாண்டி, திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் போய்ச் சேர நாள்கள் வாரங்களாகும். அந்தக் கடைசி நிலங்களுக்குத்தான் கடைமடை என்று பெயர். தலைமடையில் முழங்கால் ஆழம் ஓடிய தண்ணீர், கடைமடையில் பாதம் நனைத்தால் பாக்கியம்.

ஆட்டமும் அப்படித்தான் வந்தது. நிண்டெண்டோவின் அமெரிக்க இயந்திரத்தில், அந்நிய கேசட்டுகளைத் தடுக்க ஒரு பூட்டுச் சில்லு வைத்திருந்தார்கள். ஜப்பானிய ஃபேமிகாமில் அந்தப் பூட்டு இல்லை. தைவானில் இருந்த சாமர்த்தியசாலிகள் அதைப் பார்த்து, அதே மாதிரி ஓடும் நகல் இயந்திரங்களைச் செய்து பல தேசங்களுக்கும் அனுப்பினார்கள். நம் நாட்டில் 1991-ல் வியாபாரக் கதவுகள் திறந்த பிறகு, மீடியா, லிட்டில் மாஸ்டர் என்று பல பெயர்களில் இந்த ஜாதி இயந்திரங்கள் கடைகளுக்கு வந்தன. அதற்கு முன்பே சிங்கப்பூர், மலேயாவிலிருந்து வந்தவர்களின் பெட்டிகளில் சில வந்திருக்கும். எங்கள் பக்கத்தில் கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்றே பெயர் உண்டு. அக்கரைச் சீமையில் உறவு இல்லாத தெரு டெல்டாவில் குறைவு.

நகல் செய்தவர்கள் ஒரு கேசட்டில் ஓர் ஆட்டம் வைத்து விற்றால் கட்டுப்படியாகாது. பல ஆட்டங்களை ஒன்றாகத் திணித்தார்கள். '9999 இன் 1' என்று மேலே அச்சிட்டிருக்கும். உள்ளே எண்ணிப் பார்த்தால் பத்தோ இருபதோ. மிச்சம் அனைத்தும் அதே ஆட்டம் வேறு கட்டத்தில் ஆரம்பிப்பது. கல்யாண வீட்டில் ஒரே ரசத்தை மூன்று பாத்திரத்தில் கொண்டு வருவது மாதிரி! இந்தத் திணிப்பில் யாருக்கு இடம் கிடைக்கும்? சின்ன ஆட்டங்களுக்குத்தான். ரோட் ஃபைட்டர் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் அதைப் போல் பல பத்து மடங்கு பெரிது. பிற்காலத்துப் பெரிய ஆட்டங்களுக்குக் கேசட்டினுள் தனிச் சில்லுகள் வேண்டியிருந்தன. இதற்கு அதுவும் வேண்டாம். ஏழையாகப் பிறந்ததே இந்தக் காருக்கு அதிர்ஷ்டமாயிற்று. ஜப்பானின் எத்தனையோ ஆடம்பரமான ஆட்டங்கள் வர முடியாத சந்துக்கெல்லாம் இது வந்தது.

இதைப் படித்துவிட்டு, "திருட்டுப் பொருளுக்குப் பரிந்து பேசுகிறீரா?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. என் நாவல்களையே யாரோ நகலெடுத்து இலவசமாக விநியோகம் செய்கிறார்கள். எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. பல நகல்களில் ஆரம்பத் திரையிலிருந்த கம்பெனிப் பெயரைக் கூட அழித்திருந்தார்கள். உழைத்தவனுக்குச் சேர வேண்டியது சேரவில்லை என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கரை உடைந்து வந்த தண்ணீர் என்பதற்காக, அதில் விளைந்த பயிரை இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அசலை விற்க எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை; விற்றிருந்தாலும் வாங்கும் சக்தி எங்களுக்கு இல்லை. இரண்டும் உண்மை. சரித்திரம் எழுதுகிறவன் இரண்டையும் எழுதத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்போது கறுப்பு வெள்ளைப் பெட்டி. ஆன்டெனா ஒயரைக் கழற்றி, இயந்திரத்தின் ஒயரைச் செருகி, திருகைத் திருகிக் கொண்டே இருந்தால், பனிமூட்டத்திலிருந்து சாலை மெல்ல வெளிவரும். சிவப்புக் கார் என்று இவ்வளவு நேரம் எழுதினேனே, அந்தச் சிவப்பை நான் பல நாள் பார்த்ததே இல்லை. பலநிறக் காரும் எங்களுக்குச் சாம்பலில் ஒரு வகைச் சாம்பல்தான். அதை அடையாளம் கண்டு இடிப்பதற்குத் தனிக் கண் வேண்டும். அந்தக் கண் வாய்த்தவனுக்குத் தெருவில் இருந்த மரியாதை, பிற்பாடு எஞ்சினியரானவர்களுக்குக் கூடக் கிடைக்கவில்லை.

அந்த வருஷங்களில் பெரியவர்களும் ஓர் எண் குறைவதைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூனில் இடைக்கால உத்தரவு போட்டது. வருஷத்துக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் என்று அதில் கண்டிருந்தது. உத்தரவுக்கும் ஓடி வரும் தண்ணீருக்கும் உள்ள தூரத்தை அளப்பதுதான் டெல்டாவில் அன்றாட வேலை. காலையில் பத்திரிகை வந்ததும் மேட்டூர் நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். நிறைந்தால் 120 அடி. 'இன்றைக்கு இவ்வளவு' என்று ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் ஒன்றும் சொல்லாமல் காப்பியைக் குடிப்பார்கள்.

என் சித்தப்பாவுக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில் கொஞ்சம் நிலம். தஞ்சாவூருக்கு வந்தால் எங்கள் வீட்டில்தான் தங்குவார். ஒரு தடவை நாங்கள் ஆடுவதை நின்று பார்த்துக் கொண்டிருந்தார்.

"இந்தக் கார் யாரோடடா பந்தயம் ஓட்டுது?" என்றார்.

"யாரோடயும் இல்லை சித்தப்பா. பெட்ரோல் தீர்றதுக்குள்ளே போய்ச் சேரணும்."

"வழியிலே பெட்ரோல் போட மாட்டானா?"

"ஒரு கார் வரும். அதை இடிச்சா கொஞ்சம் ஏறும்."

"அது எப்ப வரும்?"

"வரப்போ வரும், சித்தப்பா."

சித்தப்பா சிரித்தார். "அப்ப இது நம்ம ஊர் சங்கதிதான். சப்பான்காரன் பார்த்துட்டுப் போய்ச் செஞ்சிருக்கான்" என்றார்.

அவர் வேடிக்கைக்குச் சொன்னார். எனக்கோ அந்த ஆட்டத்தைப் பற்றி அதைவிடச் சரியான விமரிசனம் இன்றுவரை அகப்படவில்லை. கடைமடைக்காரனுக்குப் பக்கத்து வயல்காரன் எதிரியல்ல. நாற்று நட்ட நாளிலிருந்து அறுப்பு வரை அவன் பந்தயம், தீர்ந்து கொண்டிருக்கும் தண்ணீரோடு. கதிர் வெளிவரும் சமயத்தில் முறை வைத்துவிட்டால் சித்தப்பா டீசல் எஞ்சினை வாடகைக்குப் பிடித்து வந்து வடிகாலிலிருந்து இறைப்பார். ஆழக் குழாய் போடலாமென்றால் கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. எஞ்சினுக்கு டீசல் வாங்க நகை அடகுக்குப் போகும். தூரத்தில் மேகம் ஒன்று தென்படும். அது நம் பக்கம் வந்தால் பலநிறக் கார். பக்கத்து வட்டத்துக்குப் போய்விட்டால் நழுவிய கார். எத்தனை தடவை வெடித்தாலும் மறுபடி முளைத்து ஓட வேண்டும். அதையும் அவர் செய்தார். ஆட்டத்தில் வெடிப்பது இலவசம். வயலில் ஒவ்வொரு வெடிப்புக்கும் வட்டி உண்டு. இந்த ஒரு வித்தியாசத்தைச் சப்பான்காரன் பார்க்கத் தவறிவிட்டான்.

பிறகு இரண்டுக்கும் என்ன ஆயிற்று? ரோட் ஃபைட்டரின் ஃபேமிகாம் பதிப்பு அமெரிக்கக் கடைகளுக்குப் போகவே இல்லை. ஐரோப்பாவில் 1992-ல், ஏழு வருஷம் கழித்து, பழைய சரக்காக விற்றார்கள். ஆங்கிலத்தில் சரித்திரம் எழுதுகிறவர்கள் தாங்கள் சிறு வயதில் ஆடியதைத்தானே எழுதுவார்கள்? அதனால் இதற்கு இரண்டு வரிக்கு மேல் கிடைக்கவில்லை. ஆனால் ரஷ்யாவில் 1992-ன் கடைசியில் 'டெண்டி' என்ற பெயரிலும், போலந்தில் 'பெகஸஸ்' என்ற பெயரிலும் இதே ஜாதி நகல் இயந்திரங்கள் விற்றன. அவற்றில் செருகிய கேசட்டுகளிலும் இந்தக் கார் ஓடியது. மாஸ்கோவில் ஒரு பையனும் மன்னார்குடியில் ஒரு பையனும், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே லாரியில் மோதியிருக்கிறார்கள். உலகத்தின் கடைமடைகள் எல்லாம் சேர்ந்து காப்பாற்றிய ஆட்டம் இது. கோனாமியே 1995-ல் 'மிட்நைட் ரன்' என்று இதற்கு இரண்டாம் பாகம் போட்டது. அதில் கார்கள் பளபளத்தன. எங்கள் பக்கம் அதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

வயலின் கதையும் தெரிந்ததே. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது என்பது ஒரு மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் திறக்க முடியவில்லை. 2012-லும் 2016-லும் செப்டம்பர் ஆயிற்று, 2017-ல் அக்டோபர். குறுவை என்ற சொல்லே பஞ்சாங்கத்தில் மட்டும் இருந்தது. சித்தப்பா பாதி நிலத்தை விற்றார். மீதியைக் குத்தகைக்கு விட்டார். 2020-ல் ஜூன் 12 அன்றே மதகு திறந்தபோது கேட்டுச் சந்தோஷப்பட அவர் இல்லை. தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததாகக் குத்தகைக்காரர்தான் எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.

இன்று இந்த ஆட்டத்தைக் கைப்பேசியில் கூட ஆடலாம். சிவப்புக் கார் சிவப்பாகவே தெரிகிறது. இந்தக் காலத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் இரண்டு நிமிஷத்தில் அலுத்துவிடுகிறது. அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் எரிபொருள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும் அந்தக் கடைசிச் சில விநாடிகளில் அவர்களும் வாய் பேசாமல் முன்னால் சாய்ந்து உட்காருகிறார்கள் என்பதைக் கவனித்திருக்கிறேன்.

இதைச் செய்தவர்களின் பெயர்களை ஆட்டத்தின் திரையில் எங்கும் போடவில்லை. 1984, 1985 என்ற வருஷங்கள் மட்டும் குறிப்பேடுகளில் இருக்கின்றன. அது எங்கள் தெருவுக்கு வந்த தேதி எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை. மேட்டூரில் மதகு திறக்கும் நாளில் பூத் தூவுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், மறுநாள் பத்திரிகையில் வருகிறது. கடைசி வயலில் தண்ணீர் ஏறும் நாளை அந்த வயல்காரன்தான் ஞாபகம் வைத்துக் கொள்ள வேண்டும்.